விலை போடாத கொட்டேஷன்

என் மனைவியின் தம்பிக்கு நான் ஒருமுறை கடிதம் எழுதினேன். எழுதினேன் என்று சொல்வதுகூடத் தப்பு, தட்டச்சு செய்தேன். நடுவில் கார்பன் வைத்து, தேதி போட்டு, 'பொருள்', 'பார்வை' என்று முறையாகத் தலைப்புகள் கொடுத்து, அடியில் முத்திரை குத்தி, ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான் இருந்தது விளாங்குடி. அவன் இருந்தது செல்லூர். சைக்கிளை எடுத்தால் அரைமணி நேரம்கூட ஆகாது. நான் செய்த முட்டாள்தனங்களுக்கெல்லாம் ஒரு ஃபைல் போட்டால், அந்தக் கடிதத்தின் கார்பன் நகல்தான் முதல் பக்கமாக இருக்கும்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. திண்டுக்கல் ரோட்டில் ஒரு மாடியறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். எட்டு மிஷின்கள். அதில் ஒன்றுக்கு மணி அடிக்காது. வரி முடிந்துவிட்டதைப் பிள்ளைகளே உத்தேசமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன் சில வருஷம் ஒரு அரசு அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராக இருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை, பழக்கம் நிரந்தரமாகிவிட்டது. துடைப்பம் வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. பெண் பார்க்கப் போனபோது மட்டும் முதல் இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். "எனக்கு மட்டும் ஏன் மூணு கொட்டேஷன் வாங்கலை?" என்று என் மனைவி அவ்வப்போது கேட்பாள்.

அவள் கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர் பரீட்சை பாஸ் செய்தவள். அதுவும் முதல் வகுப்பில். நான் இரண்டாம் வகுப்பு. இதை அவளும் சொல்ல மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன். இன்ஸ்டிட்யூட்டிலிருந்து எந்தத் தாள் வெளியே போனாலும் அவள் ஒரு பார்வை பார்த்த பிறகுதான் போகும். எழுத்துப்பிழை இருந்தால் ஒன்றும் பேசாமல் அந்த இடத்தில் விரல்நகத்தால் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அவள் பார்க்காமல் நான் அனுப்பியது அந்த ஒரு கடிதம்தான்.

விஷயம் கம்ப்யூட்டரில் ஆரம்பித்தது. ஆரப்பாளையம் பக்கத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்காரர் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. என்னிடம் காலை ஆறு மணி பேட்ச்சுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக பஸ் ஏறி அங்கே போக ஆரம்பித்தன. நானும் பெயின்டரைக் கூப்பிட்டு போர்டில் 'கம்ப்யூட்டர் பயிற்சி' என்று பெரிதாகவும், அதன் கீழே 'விரைவில்' என்று எறும்பு அளவிலும் எழுத வைத்தேன். எழுதிய பிறகுதான் கம்ப்யூட்டரை எங்கே வாங்குவது என்ற யோசனை வந்தது.

முதலில் வந்தவர் சென்னைக் கம்பெனியின் விற்பனையாளர். சித்திரை வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தார். கையில் கம்ப்யூட்டர் இல்லை. அதன் வண்ணப்படம் இருந்தது. படத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் நிபந்தனைகளைச் சொல்லத் தொடங்கினார். அறைக்கு ஏசி வேண்டும். கண்ணாடித் தடுப்பு வேண்டும். செருப்பை வெளியே கழற்ற வேண்டும். தூசி என்ற பேச்சே இருக்கக் கூடாது. அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே கீழே ஒரு மணல் லாரி போனது. அவருடைய படத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் முகத்தில் மெல்லிசாகப் புழுதி படிந்தது. அவர் அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, மின்கசிவைத் தரையில் இறக்கும் எர்த் குழிக்கு வந்தார். ஆறடிக்குக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, உள்ளே தகடு இறக்கி, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்.

கம்ப்யூட்டர் வருமுன்னே நான் குழியைத் தோண்டிவிட்டேன். தினமும் காலையில் என் மனைவி ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவாள். "என்ன வெதை போட்ருக்கீங்க, முளைக்கவே காணோம்?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். "கம்ப்யூட்டர்" என்றாள் என் மனைவி.

அன்று பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்ததும் விற்பனையாளர் கொஞ்சம் மனிதரானார். டையைத் தளர்த்திக்கொண்டு, "நானே ரெண்டு தடவைதான் சார் தொட்டுப் பார்த்திருக்கேன்" என்றார். விலையைக் கேட்டேன். சொன்னார். அந்தப் பணத்துக்கு விளாங்குடியில் மனை வாங்கி, கிணறும் வெட்டலாம். ஆனாலும் அவர் கொடுத்த கொட்டேஷன் அழகாக இருந்தது. வழவழப்பான தாள், எட்டு இணைப்புகள், ஒரு வருட கேரண்டி. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா தடவிக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்தது என் மச்சினன். செல்லூரில் தறி ஓடும் சந்து ஒன்றில், இரண்டு பவர்லூம் கொட்டகைகளுக்கு நடுவே அவனுக்கு ஒரு கடை. கடை என்றால் ஒரு ஆள் உட்காரலாம், இன்னொரு ஆள் நிற்கலாம். தறி மோட்டார், ரேடியோ, டிவி எல்லாம் பழுது பார்ப்பான். எங்கள் வீட்டு மிக்ஸியையும் அவன்தான் பார்த்துக் கொடுத்தான். அது முதல் நாங்கள் சட்னி அரைக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு டிவியில் கோடு விழுந்தது.

"கம்பெனிக்காரனுக்கு எதுக்கு மச்சான் அம்புட்டுக் காசு? பார்ட்ஸை வாங்கி நான் கட்டித் தாரேன்" என்றான்.

"வீடா மாப்ள, கட்டித் தாரதுக்கு?"

"உள்ள ஒண்ணுமில்ல மச்சான். ஒரு போர்டு, ஒரு பவர் சப்ளை, நாலு கார்டு. மெட்ராஸ்ல ரிச்சி தெருவுல குவிச்சு வச்சிருக்கான். நான் ரெண்டு தடவ போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்."

வாங்குவதா, கட்டுவதா என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் விவாதம் நடந்தது. நடந்தது என்றால், நான் நடத்தினேன். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடதுபக்கம் வாங்குவதன் நன்மைகள், வலதுபக்கம் கட்டுவதன் தீமைகள் என்று எழுதினேன். வாங்குவதன் தீமைகளுக்கும் கட்டுவதன் நன்மைகளுக்கும் தாளில் இடம் போதவில்லை. என் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு விரல்நகத்தால் நடுக்கோட்டின் மேலேயே ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு காரியம் பாக்கி நின்றது. எங்கள் மகளுக்கு மூன்று வயது முடிந்தும் காது குத்தவில்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். மாமன் சீர் கொண்டுவர வேண்டும். அந்தச் சீரைத்தான் சனம் வந்து பார்க்கும். அப்பா நான் ஒருவன் இருப்பது அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் நாங்கள் தேதி பேசும்போதெல்லாம் மச்சினன், "கொஞ்சம் பொறுங்க மச்சான், அடுத்த முகூர்த்தத்துல பாப்போம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். விசேஷ வீடுகளில் என் மகளின் மொட்டைக் காதைப் பார்த்துவிட்டு, "மாமன்காரனுக்கு இன்னும் நேரம் வரலையாக்கும்?" என்று என் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். என் மனைவிக்கு முகம் சுருங்கிப்போகும். அவன் சோம்பேறி என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவனிடம் சீர் செய்யக் கையில் ஒன்றும் இல்லை என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த வருஷம் அவனே வந்து ஆவணியில் நாள் குறித்தான். "இந்தத் தடவ தப்பாதுக்கா" என்று என் மனைவியிடம் சொன்னான். அவள் சந்தோஷத்தில் அவனுக்கு இரண்டாவது தடவை காபி போட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"மாப்ள, கம்ப்யூட்டருக்கு ஒரு கொட்டேஷன் குடுத்துரு."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "ஃபைல்ல வைக்கணும்ல" என்றேன். அவன் என் முகத்தையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி மச்சான், தாரேன்" என்றான்.

ஒரு வாரம் கழித்துக் கொடுத்தான். கோடு போட்ட நோட்டுத் தாள். மதர்போர்டு ஒன்று, பவர் சப்ளை ஒன்று, ஃபிளாப்பி டிரைவ் இரண்டு, கீபோர்டு ஒன்று, டிவி ஒன்று (திரைக்கு, ஷட்டர் வைத்தது), டப்பா ஒன்று (நம்ம பட்டறையில் செய்வது) என்று வரிசையாக எழுதி, வலதுபக்கம் சிவப்பு மையால் ஒரு கட்டம் கிழித்து, மேலே 'விலை' என்று தலைப்புப் போட்டிருந்தான். கட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை.

"விலை எங்க மாப்ள?"

"அது கெடக்கட்டும் மச்சான்."

எனக்குச் சுருக்கென்றது. இப்போது கிடக்கட்டும் என்பான், நாளைக்கு ஒன்று சொல்வான். சொந்தக்காரனிடம் பேரம் பேசவும் முடியாது, மிஷின் ஓடாவிட்டால் சட்டையைப் பிடிக்கவும் முடியாது. கம்பெனிக்காரன் என்றால் நாலு வார்த்தை கேட்கலாம். அன்று மாலை கடைசி பேட்ச் போன பிறகு மிஷின் முன் உட்கார்ந்து தட்டினேன். 'தங்கள் விலைப்புள்ளியில் விலை குறிப்பிடப்படாமையால், அது முழுமையற்றது எனக் கருதப்பட்டு, பரிசீலிக்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' ஒரு பிழைகூட இல்லாமல் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தபாலில் சேர்த்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து அவன் கையெழுத்தோடு ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதை வாங்கியது என் மனைவி. தம்பி எதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று பார்க்க ஃபைலை எடுத்துக் கார்பன் நகலைப் படித்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். விரல்நகத்தால் கோடு போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. ஃபைலை மூடி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை என் மேஜையில் தட்டச்சு செய்த ஒரு துண்டுத் தாள் இருந்தது. 'பொருள்: அரிசி தீர்ந்தமை. பார்வை: காலிப் பானை.' கீழே, 'உரிய நடவடிக்கைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது.' அன்றிலிருந்து அவள் என்னிடம் வாயால் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் தட்டச்சில்தான். 'பொருள்: குழந்தையின் இருமல்.' 'பொருள்: தங்கள் சட்டையின் இரண்டாவது பொத்தான்.' ஒன்றில்கூடப் பிழை கிடையாது. ஒருநாள் வந்த தாளை மட்டும் நான் இரண்டு தடவை படித்தேன். 'பொருள்: காதுகுத்து. தாய்மாமன் வராவிட்டால் விழா நடைபெறாது. இனி எப்போதும் நடைபெறாது.'

எனக்குப் பயம் வந்துவிட்டது. செல்லூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒரு மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சந்து முழுக்கத் தறிச் சத்தம். மச்சினன் கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே தகரத்தில் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடிக்கிற ஓசை. என் மேல் இருக்கிற கோபத்தைத்தான் அவன் தகரத்தில் காட்டுகிறான் என்று தோன்றியது. சந்து முனையிலேயே சைக்கிளைத் திருப்பிவிட்டேன். போய் நின்று, 'தப்புதான் மாப்ள' என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வரவில்லை. என் மேலேயே எழுந்த கோபத்தில் வீட்டுக்கு வந்து கம்பெனிக்காரரின் ஆர்டர் ஃபாரத்தை எடுத்து நிரப்பினேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

காதுகுத்து சமயநல்லூர் தாண்டி எங்கள் குலதெய்வக் கோயிலில். என் பக்கத்துச் சொந்தமெல்லாம் வேனில் வந்து இறங்கிவிட்டது. மகளுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவியாயிற்று. ஆசாரி தங்கக் கம்பியை எடுத்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் பத்தரை வரை. பத்து மணிக்கு மாமன் இல்லை. பத்தே காலுக்கும் இல்லை. என் பெரியப்பா ஒருவர், "என்னப்பா, மாமனுக்குத் தபால் போட்டியா?" என்று கேட்டார். சும்மா கேட்டதுதான். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ரோட்டுப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. ஒரு டெம்போ வந்து நின்றது. முதலில் என் மாமியார் இறங்கினார். பிறகு தட்டுகள் இறங்கின. பழத்தட்டு, தேங்காய்த் தட்டு, குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, வளையல், கற்கண்டு. எங்கள் சனம் எண்ண ஆரம்பித்து ஏழில் நிறுத்திவிட்டது, சின்னச் சீர்தான். அதற்குப் பிறகு நாலு பேர் முக்கி முனகி ஒரு இரும்புப் பெட்டியை இறக்கினார்கள். செல்லூர் பீரோ பட்டறைத் தகரம் என்று பார்த்ததுமே தெரிந்தது. பீரோவுக்கு அடிக்கிற அதே பச்சைப் பெயின்ட், பீரோவின் கைப்பிடி, பூட்டு, கொத்துச் சாவி. அதற்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அன்று கடைக்குள் கேட்ட சுத்தியல் ஓசை எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. பின்னால் இரண்டு பேர் மர ஷட்டர் வைத்த டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது என் மாமியார் வீட்டு டிவி. ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க அந்தச் சந்தே அந்த டிவி முன்னால்தான் உட்காரும். கடைசியாக என் மச்சினன் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். அதில் வெற்றிலை பாக்குக்கு நடுவே ஒரு கீபோர்டு இருந்தது.

நேராக என்னிடம் வந்தான். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. என் கடிதம்.

"வெல போடலைன்னு எழுதியிருந்தீங்க மச்சான்" என்றான். குரலில் கோபமே இல்லை. "மாமன் சீருக்கு யாராச்சும் வெல போடுவாங்களா?"

எனக்கு அழுகை வந்தது. நாற்பது பேர் முன்னால், கையில் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு நின்றபடி, மூக்கை உறிஞ்சினேன். மூன்று வருஷமாக அவன் அடுத்த முகூர்த்தம், அடுத்த முகூர்த்தம் என்று சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பத்தே கால் தாண்டிவிட்டதால் அழுவதற்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. அவனை உட்கார வைத்து, குழந்தையை அவன் மடியில் வைத்தார்கள். ஆசாரி இரண்டு காதையும் சடக்கென்று முடித்துவிட்டார். என் மகள் போட்ட சத்தத்தில் மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள்.

சனத்துக்கு இப்போது அந்தப் பச்சைப் பெட்டிதான் கவலை. "ஓடுமா?" என்றார் பெரியப்பா. "படம் தெரியுமா?" என்றார் இன்னொருவர். மைக்செட்காரர் ஜெனரேட்டர் வைத்திருந்தார். ஒயரை இழுத்து மாட்டினார்கள். மச்சினன் ஷட்டரைத் திறந்தான், பெட்டியின் பூட்டைத் திறந்தான், தாம்பாளத்தில் இருந்த கறுப்புச் சதுரத் தட்டு ஒன்றை எடுத்து உள்ளே செருகினான். அதுதான் ஃபிளாப்பி. அதன் உறையில் நீளவாக்கில் ஒரு சந்து இருக்கும். உள்ளே உள்ள வட்டத் தகட்டை மிஷின் தொட்டுப் படிப்பது அந்தச் சந்து வழியாகத்தான். அங்கே விரல்கூடப் படக் கூடாது. ஆனால் சீரில் வைக்கும் எந்தப் பொருளுக்கும் பொட்டு வைக்காமல் எடுக்க மாட்டார்கள். தேங்காய்க்கு வைத்து, கீபோர்டுக்கு வைத்து, பெட்டிக்கு வைத்து முடித்த என் மாமியார், ஃபிளாப்பிக்கும் தோதான இடம் தேடி, மிகச் சரியாக அந்தச் சந்திலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

பெட்டி கரகரவென்று முனகியது. திரை வெளுத்தது. நாற்பது பேரும் திரையை நோக்கி நகர்ந்தார்கள். பிறகு ஆங்கிலத்தில் இரண்டு வரி வெள்ளையாகத் தெரிந்தது. தட்டு சரியில்லை, வேறு தட்டைப் போட்டுவிட்டு கீபோர்டில் ஏதாவது ஒரு கட்டையைத் தட்டு என்று அர்த்தம். எழுத்து வந்ததே பெரிசு என்று கூட்டம் கைதட்டியது.

மச்சினன் கைதட்டவில்லை. அவனுக்கு அந்த வரிகளைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. முகம் வெளுத்துப்போய், பக்கத்தில் அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் குனிந்துகொண்டான்.

"என்னப்பா எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு" என்றார் பெரியப்பா என்னிடம்.

நான் முன்னால் போனேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். என் இருபது வருஷ டைப்ரைட்டிங் வாழ்க்கையில் ஒரு எழுத்தைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ படித்ததில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உரக்கப் படித்தேன்.

"தாய்மாமன் அன்பளிப்பு. குழந்தை நூறு வயசு நல்லா இருக்கணும். அப்படின்னு போட்ருக்கு."

இரண்டாவது முறை எழுந்த கைதட்டலில் கோயில் மரத்துப் புறா எல்லாம் பறந்தது. என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சினன் மெதுவாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்காமல் சுவிட்சை அணைத்தேன்.

வேறு ஃபிளாப்பி போட்டு, அந்த மிஷின் பிறகு ஆறு வருஷம் ஓடியது. 'விரைவில்' என்பதை பெயின்டர் வந்து அழித்தார். சாயங்காலம் ஷட்டரைச் சாத்தி, பெட்டியைப் பூட்டி, சாவியை மேஜை டிராயரில் போடுவேன்.

ஆனால் அன்று, சீரையெல்லாம் திரும்ப டெம்போவில் ஏற்றிக்கொண்டு, வெயிலில் விளாங்குடிக்கு வந்துகொண்டிருந்தோம். நான் பெட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி எதிரே, காது சிவந்து தூங்கிப்போன மகளை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போடாத ஆர்டர் ஃபாரம் என் சட்டைப் பையில் வியர்வையில் நனைந்து கிடந்தது. அங்கே இருந்த கூட்டத்தில் என்னையும் மச்சினனையும் தவிர அந்தத் திரையைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹையர், முதல் வகுப்பு.

அவள் முந்தானையால் மகளின் முகத்துக்கு நிழல் காட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, இருபத்திரண்டு நாளுக்குப் பின் முதல் தடவையாக, வாயைத் திறந்து பேசினாள்.

"நல்லா இங்கிலீஷ் படிக்கிறீங்க" என்றாள்.